இரண்டு பேர் உட்காரும் படகு

என் அக்கா இதுவரை என்னிடம் வாய்விட்டுக் கேட்டது இரண்டே பொருள்தான். ஒன்று படகு. இன்னொன்றை அந்தப் படகு ஆற்றில் இறங்கிய அன்று கேட்டாள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் திருச்செங்கோட்டுப் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். மரம், தகரம், ஃபைபர் எல்லாம் கை பழகியவை. ஆனால் செய்ததெல்லாம் சக்கரத்தில் ஓடுவது. தண்ணீரில் மிதப்பதைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நீச்சலே அரைகுறை. கிணற்றில் குதித்தால் படியைப் பிடிக்கும் வரை சமாளிப்பேன், அவ்வளவுதான். அக்காவுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் என்னிடம் கேட்டாள் என்பதால்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

அக்கா வீடு ஜேடர்பாளையத்தில், தடுப்பணைக்கு மேல்பக்கம், ஆற்றுக்கு இறங்கும் தடத்தின் ஓரத்தில் இருக்கிறது. மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். போர் போட வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். கல்யாணமான நாளிலிருந்தே அக்காவுக்குக் காத்திருப்பது பழக்கம். அப்படி ஒருமுறை ஊருக்கு வந்தவர், மறுநாள் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனார். உள்ளே தள்ளியிருந்த பாறையின் மேல் அவருடைய துண்டும் சோப்பு டப்பாவும் இருந்தன. அவரைக் காணவில்லை. பரிசல்காரர்கள் தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து தேடினார்கள். மதகு மதகாகப் பார்த்தார்கள். உடம்பு கிடைக்கவே இல்லை.

கிடைக்காததால் அக்கா நம்பவில்லை. பங்காளிகள் கூடி வந்து கருமாதியை முடித்துவிடலாம் என்று பேசியபோது, ஆள் இல்லாமல் யாருக்குக் கருமாதி என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தாலியை எடுக்கவில்லை, பொட்டை அழிக்கவில்லை. வாசல் கதவையும் சாத்தவில்லை. இராத்திரியிலும் ஒரு பக்கக் கதவு திறந்தே கிடக்கும். அவர் வந்தால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம். வாசல் நிலைப்படியில் உட்காரக் கூடாது என்பதால் அதற்கு உள்பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, ஆற்றுத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருஷங்கள் இப்படியே போயின. நாங்களும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போய் விட்டுவிட்டோம்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் என் பட்டறைக்கே பஸ் ஏறி வந்து, தனக்கு ஒரு படகு கட்டித் தரச் சொன்னாள். அந்தப் பாறை வரைக்கும் ஒருமுறை போக வேண்டுமாம். பரிசல்காரர்கள் யாரும் அவளை ஏற்றமாட்டேன் என்கிறார்களாம். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் ஏற்றமாட்டேன். ஒரு பரிசலே வாங்கித் தருகிறேன், கரையோரமாகச் சுற்றிவிட்டு வா என்று சமாதானம் சொன்னேன்.

"பரிசல் சுத்துது சாமி. எனக்கு நேராப் போறது வேணும்" என்றாள். சின்ன வயசிலிருந்தே அவள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "ரெண்டு பேரு ஒக்கார்ற மாதிரி கட்டு" என்று சேர்த்துக்கொண்டாள்.

கூட வரப்போகும் அந்த இன்னொரு ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அக்கா அந்தப் பாறைக்குப் போனால் திரும்பி வரமாட்டாள் என்று என் மனசுக்குள் ஒன்று அடித்துச் சொன்னது. முடியாது என்றால் அவள் வேறு எதிலாவது ஏறிப் போகத்தான் போகிறாள். நான் கட்டினால், எதில் போகிறாள், எப்போது போகிறாள் என்பதாவது என் கையில் இருக்கும். இதுதான் என் கணக்கு. என் மனைவி இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, நங்கையாளுக்கு நீங்களே பாடை கட்டிக் குடுக்கப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டாள். எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை நங்கையாள் என்றுதான் சொல்வார்கள்.

நேராகப் போகும் படகு எது என்று செல்போனில் தேடியபோதுதான் கயாக் என்பது கண்ணில் பட்டது. மீனைப் போல நீளமாக, இரண்டு முனையும் கூராக, மேலே மூடியோடு இருக்கிறது. மூடியில் உட்காருவதற்கு மட்டும் குழி வெட்டியிருக்கும். அதை மெல்லிய ரீப்பர்களால், அதாவது ஒல்லியான மரச்சட்டங்களால், கட்டுகிறார்கள். பிளைவுட்டில் அச்சு வெட்டி வரிசையாக நிறுத்தி, அதன் மேல் ரீப்பர்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி, இழைத்து, கண்ணாடி நார்த்துணி போர்த்தி, இறுகிப் பிடிக்கும் ரெசின் பசையைப் பூச வேண்டும். துணியும் ரெசினும் லாரி கேபினில் நாங்கள் தினமும் கையாள்வதுதான். ரீப்பர்தான் புதுப் பாடம்.

லாரிக்கு மரம் எடுப்பது என்றால் கனம் பார்த்து எடுப்போம். தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டால் அது நல்ல மரம். படகுக்கு நேர்மாறு. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் மர அறுவை மில் வைத்திருக்கிறார். காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்த சில்வர் ஓக் மலையிலிருந்து இறங்கி அவரிடம் வரும். லேசான மரம், வெளிர் சிவப்பு, அறுத்த முகத்தில் மீன் செதில் மாதிரி மினுங்கும். அதில்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

அன்று முழுக்க அங்கே பலகை புரட்டினேன். கணு இருந்தால் தள்ளினேன். ரேகை பாதியில் விலகி ஓரத்துக்கு ஓடினால் தள்ளினேன், வளைக்கும்போது அங்கேதான் பிளக்கும். காய்ந்ததா என்று பார்க்கப் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். ஈரம் இருந்தால் குளிரும். பாய் தூரத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டு, மரம் வாங்க வந்தீர்களா, கொஞ்ச வந்தீர்களா என்று கிண்டல் செய்தார். அறுத்த ரீப்பரை ஒரு முனையில் பிடித்து உதறினேன். நல்லது என்றால் முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி ஆடும். கெட்டது எங்காவது ஒரு இடத்தில் மட்டும் மடங்கும். மடங்கியதையெல்லாம் கழித்த பிறகு படகின் அடிப்பாகத்துக்கும் மேல்மூடியின் பின்பாதிக்கும்தான் மரம் தேறியது. மூடியின் முன்பாதிக்குப் பற்றவில்லை. அடுத்த லோடு எப்போது இறங்கும் என்று பாய்க்கே தெரியவில்லை.

இதை அக்காவிடம் சொன்னபோது, அவள் கொஞ்சமும் யோசிக்காமல், வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

அது பழங்காலக் குடுமிக் கதவு, கீல் இல்லாமல் மேலும் கீழும் குழியில் நின்று சுழல்வது. இரண்டு பக்கமும் மஞ்சக்கடம்புப் பலகை, நீளத்துக்கு ஒட்டுப் போடாமல் ஒரே பலகையாக. மூடிக்கு அதைவிட நல்ல மரம் கிடைக்காதுதான். ஆனால், புருஷன் வருவான் என்று இத்தனை வருஷம் திறந்து வைத்த கதவை ஒருத்தி கழற்றிக் கொடுக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? அவர் வரமாட்டார் என்று மனசு தெளிந்துவிட்டது என்று ஒரு பக்கம் நினைத்துக்கொண்டேன். இனி அவளுக்கே அந்த வீடு தேவைப்படாது என்று இன்னொரு பக்கம் தோன்றியது. இரண்டில் எது என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் ஒரு பட்டறை ஆளும் சேர்ந்து குடுமியைக் குழியிலிருந்து கிளப்பினோம். ஒரு பக்கக் கதவின் அடியைக் கரையான் அரித்திருந்தது. எப்போதும் திறந்தே கிடந்த பக்கம் மட்டும் முழுசாக இருந்தது.

அதை டெம்போவில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனோம். அக்காவும் கூட வந்தாள். பாய் கதவைத் தடவிப் பார்த்தார். எந்த ஊர் வீடு, எப்போது இடித்தார்கள் என்று விசாரித்தார். இடிக்கவில்லை, குடியிருக்கிறோம் என்று அக்காவே சொல்லிவிட்டாள். பாய் கையை எடுத்துவிட்டார்.

"குடியிருக்கற வீட்டுக் கதவ நான் மெஷின்ல ஏத்தறதில்லம்மா. வீடு இடிஞ்சாத்தான் கதவு மறுபடி மரமாகும். அதுவரைக்கும் அது கதவுதான்."

அந்த வட்டாரத்தில் பழைய மரம் அறுக்கிற எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு என்று எனக்கும் தெரியும். அக்கா அவரிடம் கெஞ்சவில்லை. அந்தக் கதவு சாத்தியே பல வருஷம் ஆகிறது, சாத்தாதது கதவா என்று மெதுவாகக் கேட்டாள். பாய் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வேலையாட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டு, பலகையைத் தானே மெஷினில் ஏற்றினார்.

பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளக்கச் சொல்லியிருந்தேன். அப்படிப் பிளந்து புத்தகம் விரிப்பது போல விரித்தால், இரண்டு பக்கத்திலும் ஒரே ரேகை, ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். மூடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் அப்படி வைத்தால் அழகாக இருக்கும். ரம்பம் பலகைக்குள் பாதி தூரம் போனதும் ஒரு வாசனை எழுந்தது. மரத்தூள் வாசனை இல்லை. வெயிலில் நடந்து வந்த பெண்ணின் தலைமுடி வாசனை. அக்கா எனக்குப் பின்னால் வந்து நிற்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். யாரும் இல்லை. அக்கா வெளியே டெம்போவில் உட்கார்ந்திருந்தாள். பாய்க்கும் அந்த வாசனை வந்திருக்க வேண்டும். மெஷினை நிறுத்தாமல், தலையை மட்டும் தூக்கி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

பிளந்த இரண்டு ஏடுகளின் மேலும் குறுக்கே ஒரு சாய்வுக் கோடு போட்டுவிட்டு, பிறகு ரீப்பராக அறுத்தோம். கோட்டைப் பார்த்து அடுக்கினால் எந்த ரீப்பர் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று மாறாமல் சேர்க்கலாம். பாடி கட்டுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம்.

படகை அக்கா வீட்டு முன்கூடத்தில்தான் கட்டினேன். அவ்வளவு நீளத்துக்கு என் பட்டறையில் இடம் ஒழியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே போய்விடுவேன். கதவு இல்லாத வாசலில் அக்கா ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஆற்றுக் காற்றில் அது உள்ளே உப்பும், பிறகு வெளியே போய் வாசல் நிலைச்சட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டே இருந்தால் வீடே மூச்சு விடுவது போலிருக்கும். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்தேன். பின்னால் யாரோ நுழைந்த மாதிரி இருக்கவும், மறு வாரமே இடம் மாறி அதைப் பார்த்து உட்கார்ந்தேன்.

சில்வர் ஓக் சொன்னபடி கேட்டது. வெந்நீர்த் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து வளைத்தால் அச்சோடு அச்சாகப் படிந்துகொள்ளும். அடிப்பாகம் சீக்கிரம் முடிந்தது. கதவு மரம் அப்படியில்லை. பிடிப்புக் கொடுத்து ஒட்டி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், உச்சி வெயிலில் கூடத்திலிருந்து டொக் டொக் என்று சத்தம் வரும். விட்டு விட்டு, இரண்டு இரண்டாக. மரம் இடம் மாறினால் பேசும், வெயிலுக்கு விரியும், அதுதான் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் ஒவ்வொரு முறை சத்தம் வரும்போதும் எழுந்து போய்ச் சேலையை விலக்கி வெளியே பார்த்துவிட்டு வந்தாள்.

அவள் டீ கொண்டுவந்தால் எப்போதும் இரண்டு டம்ளர் இருக்கும். ஒன்றை என் பக்கத்தில் வைப்பாள். இன்னொன்றைப் படகின் முன்முனைக்குப் பக்கத்தில் வைப்பாள். அது ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். எனக்கு முன்கோபம் அதிகம். ஒருநாள் எரிச்சலில் இரண்டையும் நானே குடித்துவிட்டேன். அக்கா வந்து இரண்டு காலி டம்ளர்களையும் பார்த்தாள். உள்ளே போய், மூன்றாவதாக ஒன்று கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள்.

மூடி முடிந்து, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தடவினேன். மூடியின் முன்பாதியில் கதவு மரம் மஞ்சளாக, இரண்டு பக்கமும் ஒரே ரேகையோடு விரிந்திருந்தது. லேசாகக் கறுத்த திட்டுகள் இருந்தன, பழைய மரத்துக்கு அது சகஜம் என்று விட்டுவிட்டேன். உட்காரும் குழிகளை இன்னும் வெட்டவில்லை. கதவு மரத்துக்குப் பின்னால் பென்சிலால் இரண்டு குழி வரைந்திருந்தேன். ஒன்று முன்னால் உட்காருகிறவருக்கு, ஒன்று பின்னால்.

ரெசின் பூசும் நாளில் என் மனைவியும் வந்தாள். கலந்த ரெசின் சீக்கிரம் இறுகிவிடும், பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பின்னாலிருந்து தொடங்கினேன். ரெசின் பட்டதும் சில்வர் ஓக் நனைந்த மாதிரி நிறம் ஏறி மினுங்கியது. மனைவிகூட அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அப்படியே முன்னால் நகர்ந்து கதவு மரத்தின் மேல் பூசினேன். பூசிய இடத்தில் ரெசின் நிற்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்குத் துடைக்காத தகரத்தில் பெயிண்ட் விலகுமே, அது மாதிரி மெல்ல மெல்ல விலகிப் போய் ஓரமாகக் கூடியது. மறுபடி பூசினேன். மறுபடி விலகியது. விலகிய இடம் வெளிறி, சுற்றிலும் நிறம் ஏறி, ஒரு உருவம் தெரிந்தது.

உருண்டையாக ஒரு தலை. அதற்குக் கீழே தோள் அளவுக்குப் பரவிய திட்டு. அதன் பக்கத்திலேயே இன்னொரு தலை, இன்னொரு தோள். இரண்டு பேர் நெருக்கமாக உட்கார்ந்து, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன்னால் எதையோ பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

என் மனைவி சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். மாமா வந்துவிட்டார் என்றுதான் என் புத்தியில் பட்டது. அக்கா இரண்டு பேருக்குப் படகு கேட்டாள், இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது என்று பட்டறையில் பீற்றிக்கொள்கிறவன் நான். அன்றைக்குச் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே பின்வாங்கினேன்.

சத்தம் கேட்டு அக்கா சமையல்கட்டிலிருந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். அவள் சந்தோஷப்படப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவள் சந்தோஷப்படவில்லை. விரலை நீட்டி, ரெசின் படாத இடத்தின் மேல், முதல் தலையிலிருந்து கீழே மெதுவாக இறக்கினாள். தலைக்குக் கீழே முதுகு வழியாக ஒரு மெல்லிய கோடு நீளமாக ஓடியிருந்தது. அதுவரை என் கண்ணில் அது படவில்லை. பிறகு இரண்டாவது தலையிலிருந்தும் அதே மாதிரி இறக்கினாள். அங்கேயும் அதே கோடு இருந்தது.

"சடை" என்றாள். "அந்தக் கதவுல சாஞ்சு ஒக்காந்தது நாந்தான சாமி. அவரு எந்நாளும் தலைக்கு எண்ணெய் வெக்க மாட்டாரு. ரெண்டும் நானு."

எனக்கு அப்புறம்தான் எல்லாம் புரிந்தது. திறந்து கிடந்த கதவில் முதுகையும் தலையையும் சாய்த்து, விளக்கெண்ணெய் தேய்த்த தலையோடு, அவள் கல்யாணமான நாளிலிருந்து உட்கார்ந்திருந்தாள். அந்த எண்ணெய் பலகையின் உள்வயிறு வரை இறங்கியிருந்தது. நான் பலகையைப் பிளந்தபோது அவளையும் இரண்டாகப் பிளந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டேன். அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்ததும் அவளேதான். பேய் என்றிருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்கமாட்டேன். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அந்த இரண்டு முதுகையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தின்னர் போட்டுத் துடைக்கிறேன், அந்த ரீப்பர்களை அறுத்தெடுத்து வேறு போடுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள். "முன்னால குழி வெட்டாத. ஒண்ணு போதும்" என்றாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. திட்டுகளின் மேலேயே துணியைப் போர்த்தி ரெசினை ஊற்றி முடித்தேன். பின்குழியை மட்டும் வெட்டினேன். துணிக்கு அடியில் அந்த இரண்டு பேரும் வெளிறிப் போய், அழியாமல் அப்படியே இருந்தார்கள்.

ஆற்றுக்குக் கொண்டுபோன அன்று பட்டறை ஆட்கள் நாலு பேர் படகைத் தோளில் தூக்கினார்கள். கதவில்லாத வாசல் வழியாக அது தெருவுக்கு வந்தபோது, வேடிக்கை பார்க்க நின்ற ஒருவர், பாடையைக் கண்ட பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டு மாட்டிக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து நடக்காமல் போன ஒன்று அன்றைக்குத்தான் நடக்கிறது என்று எல்லோருக்குமே பட்டிருக்கும்.

அக்காவுக்கு மிதவைச் சட்டையை நானே மாட்டிவிட்டேன். அதன் நாடாவில், லாரித் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சைப் போட்டேன். பழக்கமில்லாதவரால் அதை அவிழ்க்க முடியாது. நடு ஆற்றில் அவள் அதைக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அவள் என் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதற்காகப் போடுகிறேன் என்று அவளுக்கும் தெரிந்தது. "வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

ஆற்றங்கரையில் வாழ்ந்தவள் என்பதால் துடுப்பு அவளுக்குச் சுலபமாக வசப்பட்டது. படகு நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பின்னால் ஒரே ஆள் உட்கார்ந்திருந்ததால் முன்முனை தண்ணீரை விட்டு நன்றாகத் தூக்கியிருந்தது. எத்தனையோ வருஷமாக வண்டிகளைப் பார்த்த கண் எனக்கு. தூரத்தில் வருகிற லாரி காலியா, லோடு ஏற்றியதா, லோடு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று அது நிற்கிற நிலையை வைத்துச் சொல்லிவிடுவேன். அவள் பாறையை அடைந்தாள். படகைப் பாறையோடு அணைத்து நிறுத்தினாள். தலை குனிந்திருந்தது. பேசுகிறாளா, அழுகிறாளா என்று கரையிலிருந்து தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நான் நின்றிருந்தேன். அந்த முடிச்சு அவிழக் கூடாது என்று இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

பிறகு படகு திரும்பியது. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கையைத் தூக்கி ஆட்டினேன். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் ஒன்று பட்டது. போகும்போது தூக்கியிருந்த முன்முனை, வரும்போது தண்ணீரோடு படிந்து மட்டமாக வந்துகொண்டிருந்தது. முன்னால் லோடு ஏறிய வண்டி வருகிற மாதிரி. அக்கா வேகவேகமாகத் துடுப்புப் போட்டாள். முன்னால் பார்க்காமல், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

கரை சேர்ந்ததும் அவளை இறக்கிவிட்டுப் படகைக் கவிழ்த்தேன். ரெசின் ஒட்டாத இடத்தின் வழியாகத் தண்ணீர் கசிந்து முன்பக்கம் தேங்கியிருக்கும், அந்தப் பாரம்தான் என்று நினைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உள்ளே கைவிட்டுத் துழாவினேன். மரம் உலர்ந்திருந்தது.

அக்கா படகின் பக்கம் திரும்பவே இல்லை. தாலியை ரவிக்கைக்கு மேல் வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றாள். முடிச்சை அவிழ்க்கப் போனேன். அங்கே என்ன பார்த்தாள் என்று கேட்டேன். அப்போதுதான் அந்த இரண்டாவது பொருளைக் கேட்டாள்.

"எனக்கு ஒரு கதவு செஞ்சு குடு சாமி. உள்ளாற தாப்பாள் வெச்சு."

வேப்பம்பலகையில் செய்தேன். ஒற்றைக் கதவு, கனமாக, என் லாரிப் புத்திக்கு ஏற்றபடி. உள்ளே இரும்புத் தாழ்ப்பாள் மேலே ஒன்று, கீழே ஒன்று. மாட்டி முடித்த அன்று சாயங்காலம், அவள் இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று என் மனைவியிடம் போனில் சொன்னேன். அதை நான் நம்பினேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அக்கா கதவைச் சாத்தி, இரண்டு தாழ்ப்பாளையும் போடும் சத்தம் எனக்குத் தெருவில் கேட்டது. மனசு லேசானது. வண்டிக்குப் பக்கத்தில் போன பிறகுதான் இழைப்புளியை உள்ளேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேன்.

உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. தாழ்ப்பாள் திறக்கவில்லை. யார் என்று கேட்டாள். நான்தான் அக்கா என்றேன்.

"நீ மட்டுந்தானா சாமி?"

நான் மட்டும்தான் என்று சொன்னேன். சொல்வதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி ஆற்றுத் தடத்தைப் பார்த்துக்கொண்டேன்.